குடலும் அட்ரினலினும்

புதுவை நகரில் பிரெஞ்சுக்காரர் 1823-ஆம் ஆண்டில் மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவினர். அதன் வழித்தோன்றலே கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் நிறுவனம். அதனைக் குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் 1964-இல் திறந்துவைத்தார். இங்கிலாந்தில் ஜேம்சு பிளாக்கும் அவர்தம் துணைவரும் புரோபிரனலால் என்னும் மருந்தைப் பற்றி வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். நெஞ்சின் படபடப்பைத் தணிக்கும் மருந்தென்று அதனைப் பலர் அறிவர். இத்தகைய மருந்துகள் குடலில் ஆற்றும் வேலையை அறிந்தவர் சிலரே.

புலியைக் கண்டு ஓடுகின்றவனுக்குப் பசி தோன்றுமோ? தோன்றாது. அச்சம் நேர்ந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைகின்றது, குடலோ அடங்குகின்றது. உயிரணுக்களில் அட்ரினலினை ஏற்கும் ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இருவகைப்படும் என்று அமெரிக்க அறிஞர் ஆல்குவிஸ்டு 1948-இல் கூறினார். குருதிக் குழாய்களை ஆல்பா சுருக்கும்; பீட்டா தளர்த்தும். குடலிலோ இரண்டும் அடக்கும் வேலையையே செய்கின்றன. வியப்பு இதுவே.

முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை உடற்சூடுள்ள உப்புக் கரைசலில் தொங்கவிட்டுப் பிராணவாயுவை ஊட்டினால், அது நெடுநேரம் தானே சுருங்கி விரியும். சிறிது அட்ரினலினைச் சேர்த்தால் துவண்டு நிற்கும். பீட்டாவை அடைக்கும் புரோபிரனலாலை மட்டும் முன்னரே இட்டாலும், ஆல்பாவை அடைக்கும் பென்டோலமினை மட்டும் இட்டாலும், தளர்ச்சி முற்றும் நீங்காது. இரண்டையும் ஒருங்கே இட்டால்தான் குடல் அட்ரினலினுக்கு அடங்காமல் ஆடும். ஆல்குவிஸ்டும் லெவியும் நாயின் குடலில் இவ்வுண்மையை 1959-இல் காட்டினர்.

பீட்டா ஏற்பிகள் வரியற்ற தசையிலேயே உள்ளன. ஆல்பா ஏற்பிகளுட் பல, தசையடுக்குகளின் இடையே பின்னிக் கிடக்கும் நரம்புகளின் முனைகளில் உள்ளன. அந்நரம்புகள் அசிட்டைல்கோலினைச் சொரிந்து தசையைச் சுருங்கச் செய்பவை. அட்ரினலின் அச்சொரிவைக் குறைத்துவிடும். பேட்டனும் விசியும் இதனை 1969-இல் விளக்கினர். தசையைத் தளர்த்துவது ஒரு வழி. அதனை ஏவும் நரம்பின் வாயை அடைப்பது மற்றொரு வழி.

வயிற்றில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்க்குக் குடல் சில நாள் இயங்காது கிடப்பதுண்டு. பரிவு நரம்புகளின் மிகைவேலை அதற்கு ஒரு காரணம். அடைக்கும் மருந்துகளால் குடலை எழுப்பிவிடலாமே எனின், அஃது எளிதன்று. ஆல்பாவை அடைக்கும் மருந்து குருதியழுத்தத்தையும் தாழ்த்திவிடும். அறுவையால் குடற்சுவரில் உண்டாகும் அழற்சியை அது போக்குவதும் இல்லை. ஆதலின், மருத்துவர் நோயாளியை விரைவில் எழுந்து நடக்கச் செய்கின்றனர். காலைதோறும், "காற்றுப் பிரிந்ததா?" என்று வினவுகின்றனர். அது நகைப்பிற்குரிய வினா அன்று. குடல் மீண்டும் இயங்கத் தொடங்கியதை அறிவிக்கும் முதற் செய்தி அதுவேயாம்.