பழைய ஜீப் வாங்கலாமா? முதலில் ஆர்.சி. புக்கைப் பாருங்கள்!

ஆதிச்சநல்லூர் வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. வாழைத்தார் விற்ற பணம் கையில் இருக்கிறது. கல்லூரி முடித்த மகனுக்குப் பழைய ஜீப் மீது தீராத ஆசை. 1990-களில் வந்த மஹிந்திரா ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கிப் பெரிய டயர் போட்டு, உயரத்தை ஏற்றி, முன்னால் இரும்புக் கம்பி பூட்டி, தேரிக்காட்டு மணலில் ஓட்ட வேண்டுமாம். 'தோட்டத்துக்கும் ஆகும்ப்பா' என்கிறானாம். வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

இது அவர் ஒருவரின் கேள்வி இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டிராக்டருக்கு உறவுக்காரன்

மும்பையில் மஹிந்திரா நிறுவனம் 1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்துடன் சேர்ந்து டிராக்டர் தொழிலில் இறங்கியது. அப்படி வந்த பி-275 டிராக்டரை நம் பெரியவர்கள் பலர் ஓட்டியிருப்பார்கள். அதே குடும்பத்து டீசல் எஞ்சின் பின்னாளில் சிஜே-500டி ஜீப்பிலும் ஏறியது. அதற்கடுத்து வந்த எம்எம்-540 ஜீப்பில் இருந்தது 2,112 சிசி பெஜோ டீசல் எஞ்சின்.

இந்த ஜீப்புகளில் கம்ப்யூட்டர் கிடையாது. தனி சேஸிஸ், பட்டை ஸ்பிரிங், கையால் போடும் ஃபோர் வீல் கியர், அவ்வளவுதான். டிராக்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கிடம் நம்பி விடலாம். விவசாயக் குடும்பத்துப் பையன்களுக்கு இதன் மீது ஆசை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். தன் கையாலேயே பிரித்து, பழுது பார்த்து, ஓட்டிப் பார்க்கலாம். கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத ஆசைதான். ஆனால் செலவு வைக்கும் ஆசை.

புக் சரியில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் கார், ஜீப்புக்கான இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 10,000 ரூபாய் என்றாகிவிட்டது. பசுமை வரி தனி. காலம் கடந்து போனால் தாமதக் கட்டணமும் சேரும். பாக்கி எவ்வளவு என்று கேட்டு, அதை விலையில் கழியுங்கள்.

15 வயதானால் வண்டியை ஓட்டவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற அந்தக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. நம்மூரில் தகுதியோடு இருந்து, பதிவைப் புதுப்பித்தால் ஓட்டலாம்.

சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பார்த்து, புக்கில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எஞ்சின் எண்ணையும் அப்படியே பாருங்கள். ராணுவ ஏலத்தில் வந்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டி, வேறொரு வண்டியின் புக்கோடு விற்கும் ஜீப்புகள் சந்தையில் உண்டு. விலை மலிவாக இருக்கும். பிடிபட்டால் வண்டியும் போகும், வழக்கும் வரும்.

உப்பு தின்ற வண்டி

ஆதிச்சநல்லூர் பரம்பில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாளும் ஈட்டி முனையும் கிடைத்தன. அந்தப் பழைய இரும்பு இன்றும் இருக்கிறது. நம் கடற்கரையில் நிற்கும் ஜீப்பின் தகடோ சில ஆண்டுகளிலேயே பொத்தலாகிவிடும். தூத்துக்குடி உப்பளத்தில் ஓடிய வண்டி, ஐஸ் தண்ணீர் ஒழுக மீன் ஏற்றிய வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

புது பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். கால் வைக்கும் தகட்டின் அடிப்பக்கம், சேஸிஸ் கட்டையின் உட்பக்கம், ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடம் ஆகிய மூன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்றது பொத்தென்று கேட்கும். பாடித் தகட்டை மாற்றிவிடலாம். சேஸிஸ் போயிருந்தால் வாங்க வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலே நின்றுபோனது. அந்தத் தண்ணீரில் கிடந்த வண்டியா என்று கேளுங்கள். கியர் பாக்ஸ், முன் பின் ஆக்ஸில் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

ஜீப் போலத் தெரிவதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் இல்லை. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப்புகளும் ஏராளமாக விற்றன. முன் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட் இருக்கிறதா, மணலில் கியர் போட்டால் முன் சக்கரம் இழுக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

பையன்கள் சறுக்குவது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. முன்னால் பூட்டும் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எஞ்சின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதியை முதலில் வாங்க வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஜீப்புக்கு வந்த டயர் 6.00-16 அளவு. சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு பெரிய டயரைப் போட்டால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடும். பிரேக்குக்கும் ஆக்ஸிலுக்கும் சுமை கூடும். உயரத்தை ஏற்றினால் வளைவில் கவிழும் அபாயம் அதிகம். அப்படி ஒரு விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். வாழையில் வந்த பணம் மட்டுமில்லை, வாழைத் தோட்டமே கைவிட்டுப் போகும்.

பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையைத் தாராளமாகச் செய்யலாம். பிரேக் முழுவதையும் புதுப்பிப்பது, ஸ்டியரிங் ஆட்டத்தை எடுப்பது, ஒயரிங்கை மாற்றுவது, துருவைச் சுரண்டி அடிப்பகுதிக்குப் பூச்சு அடிப்பது, அதே அளவில் நல்ல டயர் போடுவது. மகனின் கைக்கு ஒரு வருடத்துக்கு இதுவே போதும்.

எங்கே ஓட்டுவது?

பரம்பு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். குதிரைமொழித் தேரி வனத்துறையின் காடு. இரண்டிலும் சக்கரம் ஏறக் கூடாது. குளத்துக் கரையும் வேண்டாம், கரை இளகிவிடும். சொந்த நிலம் அல்லது உரிமையாளர் சம்மதித்த செம்மண் காடு போதும்.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து பதியும், புதையாது. தார் ரோட்டுக்கு வரும்முன் மறுபடி காற்றடித்துவிடுங்கள், ஃபோர் வீல் கியரையும் எடுத்துவிடுங்கள். இறுகிய ரோட்டில் அந்தக் கியரோடு திரும்பினால் ஷாஃப்டும் பல்சக்கரமும் முறுக்கிக்கொண்டு உடையும்.

என்ன பதில்?

வாங்கலாம். மூன்று நிபந்தனைகள். புக் சுத்தமாக இருக்க வேண்டும். சேஸிஸ் கெட்டியாக இருக்க வேண்டும். வாங்கும் விலைக்கு நிகரான பணம் பழுது பார்க்கவும் தனியாக இருக்க வேண்டும். கடன் வாங்கியோ, அடுத்த போகத்துக்கு வைத்த பணத்தை எடுத்தோ வாங்காதீர்கள்.

'தோட்டத்துக்கு ஆகும்' என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். உரமூட்டை இரண்டு ஏற்றலாம், வீட்டாள்களைக் கூட்டிப் போகலாம். சொந்த உபயோகப் பதிவில் வாடகைக்கு ஓட்டக் கூடாது. அது சம்பாதித்துத் தராது. ஆசைக்கு வளர்க்கும் மாடு என்று நினைத்தால் வருத்தம் இருக்காது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது மகனோடு, விற்பவருக்கு வேண்டாத மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போங்கள். வாகனம், டிராக்டர் குறித்த உங்கள் சந்தேகங்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் பதில் சொல்கிறோம்.