மேற்கோட்குறி விளைக்கும் இடர்

டி'சில்வா என்னும் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால் இடையே ஒரு சிறு குறியை இடுவாருளர். அயர்லாந்தினரின் ஓ'பிரையன் என்னும் பெயரும் அத்தகையதே. இச்சிறு குறியால் வலைத்தள நிரல்களுக்கு விளையும் இடர் பெரிதாகலின், அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்.கியூ.எல். மொழியிலே, பெயர் போன்ற எழுத்துத் தரவு ஒற்றை மேற்கோட்குறிகளின் நடுவே நிற்றல் வேண்டும். பெயர் = 'கந்தையா' என்பது ஒரு வினவலின் பகுதி என்க. பயனர் எழுதியதை நிரல் அவ்வாறே குறிகளின் நடுவே ஒட்டிவிடுமாயின், டி'சில்வா வந்தவிடத்துத் தரவு 'டி' என்பதோடு முடிந்துவிடும். எஞ்சிய சில்வா கட்டளையின் உறுப்பாகிப் பிழையை விளைக்கும். இஃது அறியாது நேர்வது. தீயோன் ஒருவன் அறிந்தே குறியொன்றால் பெயரை முடித்து, 'அல்லது' எனப் பொருள்படும் கட்டளைச் சொல்லை இட்டு, ஒன்று ஒன்றுக்குச் சமம் என்னும் நிபந்தனையையும் சேர்ப்பானாயின், அட்டவணையிலுள்ள அனைவரது விபரமும் அவன் கைப்படும். 1998 இல் பிராக் என்னும் மின்னிதழ் இவ்வுத்தியை வெளியிட்டது. அறிந்த தீங்காயிருந்தும், 2015 இல் பிரித்தானியாவின் டோக்டோக் நிறுவனத்தில் ஏறத்தாழ 157,000 வாடிக்கையாளரின் விபரங்கள் இவ்வழியே களவுபோயின. மறு ஆண்டு அந்நிறுவனத்துக்கு 400,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

குறியின் முன்னே சாய்கோடு இட்டு அதனை அடக்கலாம் என்பது பழைய முறை. பி.எச்.பி. மொழி ஒரு காலத்தில் இதனைத் தானே செய்து, 'மந்திர மேற்கோள்' என்றும் பெயர் சூட்டிக்கொண்டது. மந்திரம் பலிக்கவில்லை! வேண்டாத பக்கங்களிலெல்லாம் சாய்கோடுகள் முளைத்தன. 2012 இல் வந்த 5.4 ஆம் பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டது. அன்றியும், எண்ணை வேண்டும் இடத்தில் மேற்கோட்குறியே இல்லை. ஆங்கே தீயோன் எண்ணின் பின் தன் நிபந்தனையை ஒட்டினால் சாய்கோடு யாது செய்யும்?

கட்டளையையும் தரவையும் வேறாக அனுப்புதலே தக்க வழியென்பது எமது துணிபு. வினவலில் தரவுக்குரிய இடத்தே கேள்விக்குறி மாத்திரம் இடப்படும். பெயர் தனியே செல்லும். கட்டளையின் அமைப்பைத் தரவுத்தளம் முன்னரே பகுத்துணர்ந்துவிடுதலின், பின்வரும் எக்குறியும் வெறும் எழுத்தாகவே கொள்ளப்படும். டி'சில்வா டி'சில்வாவாகவே பதிவுறுவார்.

ஆயின் அட்டவணையின் பெயரையோ, நிரல்படுத்துதற்குரிய நெடுவரிசையின் பெயரையோ இவ்வாறு தனியே அனுப்புதல் இயலாது. அவற்றைப் பயனர் தெரிவு செய்யுமிடத்து, ஏற்கத்தக்க பெயர்களை நிரலிலே முன்கூட்டி எழுதி வைத்து, அவற்றுள் ஒன்றல்லாத எதனையும் மறுத்துவிடல் வேண்டும்.