நொய்யல் என்று ஒரு கணினி

கணபதி பக்கம் ஒரு சின்ன பம்ப் ஃபவுண்டரி. முதலாளிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் போன் செய்தார். "தம்பி, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கெடக்குதுங்க. இந்த மாதிரி பழசையெல்லாம் நீங்க தோண்டுவீங்கன்னு சொன்னாங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

போய்ப் பார்த்தேன். கோர் மணல் மூட்டைகளுக்குப் பின்னால், சாக்கு போர்த்தி, ஒரு சன் அல்ட்ரா 5. பிறவி 1998. உக்கடத்தில் எடைக்குப் போட்டிருந்தால் எப்போதோ போயிருக்கும். போடாததற்குக் காரணம் இருந்தது. பழைய மோனோபிளாக் பம்ப் மாடல் ஒன்றின் வால்யூட், இம்பெல்லர், கோர் பாக்ஸ் வரைபடங்கள் எல்லாம் இதற்குள்தான். மர பேட்டர்னைக் கரையான் தின்றுவிட்டது. ராஜ்கோட்காரர் ஒருவர் அதே மாடலுக்கு உதிரி பாகம் கேட்கிறார். காகிதத்தில் இருந்ததெல்லாம் ஒரு மழையில் நனைந்து போச்சு. "உள்ள இருந்தா எடுத்துக் குடுங்க. இல்லீன்னா இல்லீன்னு சொல்லிப்போடுங்க, வேற வழி பாக்கறேன்" என்றார். இல்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பழைய பம்பைக் கழற்றி அளந்து, பேட்டர்னை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

சன் பற்றிக் கொஞ்சம். 1982-ல் தொடங்கிய கம்பெனி. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி நெட்வொர்க் என்பதன் சுருக்கம்தான் பெயர். நிறுவியவர்களில் ஒருவர் வினோத் கோஸ்லா. யூனிக்ஸ் ஓடும் மேசைக் கணினி என்றால் தொண்ணூறுகளில் முதலில் வாயில் வரும் பெயர்களில் ஒன்று. 2010-ல் ஆரக்கிள் வாங்கியது, கதை முடிந்தது. அல்ட்ரா 5 அவர்களுடைய மலிவு மாடல். ஸ்பார்க் பிராசசர்தான், ஆனால் ஹார்ட் டிஸ்க் சாதாரண ஐடிஇ, மானிட்டர் இணைப்பு சாதாரண விஜிஏ. அந்தக் காலத்து சன் ரசிகர்கள் இதை மட்டமாகப் பேசுவார்கள். இன்றைக்கு எனக்கு அந்த மலிவுதான் உதவியது. பழைய பிசி பாகங்கள் பல பொருந்திவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாக ஒரு படலம். ஃபவுண்டரித் தூசி, பஞ்சு மில் தூசி மாதிரி இல்லை. இதில் இரும்பு இருக்கிறது, கார்பன் இருக்கிறது, மின்சாரம் கடத்தும். இதோடு ஸ்விட்சைப் போட்டிருந்தால் அத்தோடு சரி. பெயின்ட் பிரஷ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும். பவர் சப்ளையில் கெப்பாசிட்டர்கள் உப்பவில்லை. போர்டிலிருந்து கழற்றித் தனியாக ஓட்டி வோல்ட் பார்த்த பிறகுதான் உள்ளே மாட்டினேன்.

கீபோர்டு காணோம். சன்னுக்குத் தனி கீபோர்டு, பிசி கீபோர்டு சேராது. பரவாயில்லை. கீபோர்டு இல்லை என்று தெரிந்தால் இந்த இயந்திரம் தானாகவே சீரியல் போர்ட்டில் பேச ஆரம்பிக்கும். 25 பின் இருக்கிற ஏ போர்ட், வேகம் 9600. லேப்டாப்பை அதில் மாட்டி ஆன் செய்தேன். ஐடிபிராம் உள்ளடக்கம் செல்லாது என்று ஒரு வரி. ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப். ஹோஸ்ட் ஐடி முழுக்க எஃப். பிறகு டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தது, நேரம் முடிந்தது, நேரம் முடிந்தது என்று வரி வரியாக.

பயந்துவிட வேண்டாம். பழைய சன் எடுக்கிற எல்லோரும் பார்க்கிற காட்சிதான் இது. போர்டில் என்விராம் என்று ஒரு 28 கால் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் நினைவகம், ஒரு கடிகாரம், இவற்றை உயிரோடு வைக்க ஒரு லித்தியம் பேட்டரி, மூன்றும் ஒரே பிளாஸ்டிக் கட்டிக்குள். பத்து வருஷம் போல வரும். பேட்டரி செத்தால் நேரம் போகும், அமைப்புகள் போகும், கூடவே கணினியின் அடையாளமும் போய்விடும். அமைப்புகள் போனதால்தான் டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கைத் தேடியது. ஒரு இயந்திரத்தின் பேரையே பேட்டரியை நம்பி வைத்தது என்ன யோசனையோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடையாளம் என்று சொன்னது வெறும் 16 பைட். முதல் பைட் வடிவத்தைச் சொல்வது. இரண்டாவது இயந்திர வகை, இதற்கு 80. அடுத்த ஆறு ஈதர்நெட் முகவரி. அதற்கடுத்த நான்கு தயாரிப்புத் தேதி. பிறகு மூன்று பைட் வரிசை எண். கடைசியில் ஒரு சரிபார்ப்பு பைட். இயந்திர வகையும் வரிசை எண்ணும் சேர்ந்ததுதான் எட்டு இலக்க ஹோஸ்ட் ஐடி.

ஓடினால் போதும் என்றால் இங்கே ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது ஆகாது. முதலாளி வைத்திருந்த கேட் மென்பொருளின் லைசென்ஸ் ஹோஸ்ட் ஐடியோடு கட்டப்பட்டது. எண் மாறினால் மென்பொருள் திறக்காது, அந்தக் கோப்புகளை வேறெதுவும் ஒழுங்காகப் படிக்காது. காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ், அதே பெட்டி. ஆனால் தன் பெயர் தனக்கே மறந்துபோன பெட்டி.

சிப்பின் மேல் ஒரு பார்கோடு ஸ்டிக்கர் இருக்கும், வரிசை எண் அதில் இருக்கும். இருந்தது. கடைசி இரண்டு இலக்கத்தை எண்ணெய் தின்றிருந்தது.

இங்கே டிஸ்க்கை நம்ப வேண்டியதாயிற்று. அதைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாக லினக்ஸ் லேப்டாப்பில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழுப் பிரதி எடுத்தேன். சாதாரணமாக நகல் எடுத்தால் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அதுதான் சரியான முறை. 8 ஜிபி டிஸ்க், ஒரு ராத்திரி பூராவும் கரகரவென்று சத்தம். விடிந்து பார்த்தால் சில நூறு செக்டார்கள் மட்டும் வரவில்லை. அவை சிஸ்டம் கோப்புகள் இருந்த பகுதியில். அதனால்தான் பழைய சோலாரிஸ் 2.6-ஐ அப்படியே எழுப்ப முடியாது, புதிதாக நிறுவித்தான் ஆக வேண்டும்.

பிரதியில் லைசென்ஸ் கோப்பைத் தேடினேன். ஃப்ளெக்ஸ்எல்எம் வகை லைசென்ஸ் என்றால் மேலேயே சர்வர் என்று தொடங்கும் வரி ஒன்று வரும். அதில் முதலில் கணினியின் பெயர், அடுத்து ஹோஸ்ட் ஐடி. கிடைத்தது. பெயர்: நொய்யல். ஹோஸ்ட் ஐடி: 80912473 (உண்மை எண்ணை மாற்றி எழுதுகிறேன்). ஸ்டிக்கரில் மிச்சமிருந்த இலக்கங்களோடு ஒத்துப்போனது. நொய்யல் என்று வைத்தது யார் என்று பிறகு கேட்டேன். முதலில் வேலைக்கு வந்த டிராஃப்ட்ஸ்மேனாம். "ஆத்துல தண்ணி வரட்டும்னு வெச்சானுங்க" என்றார்.

சிப்புக்கு வருவோம். புது சிப் வாங்கலாம், ஆனால் இணையத்தில் வருவதில் பாதி பழசைத் துடைத்துப் புதுசு என்று விற்பது. நான் பழைய வழியில் போனேன். பிளாஸ்டிக் கட்டியின் ஒரு முனையில் பேட்டரி, மறு முனையில் கிரிஸ்டல். பேட்டரி பக்கம் மெதுவாகச் சுரண்டி, செத்த செல்லின் இணைப்பை அறுத்து, இரண்டு வயர் இழுத்து, வெளியே ஒரு சிஆர்2032 செல் மாட்ட வேண்டும். என் கை நடுங்கும். அதனால் பக்கத்து ரீவைண்டிங் கடையில் கொடுத்தேன். "முடி மாதிரி கம்பியிலயே காயில் கட்டறோமுங்க, இதென்ன பெருசு" என்று மினி கிரைண்டரை எடுத்தார். இருபது நிமிஷம். காசு வாங்கவில்லை. 1937-ல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த ஊர், இந்த வேலைக்கு வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

அடுத்தது எண்ணைத் திரும்ப எழுதுவது. சன்னின் பூட் பிராமில் ஓகே என்று ஒரு பிராம்ப்ட் வரும். அதற்குப் பின்னால் இருப்பது ஃபோர்த் என்ற முழு நிரல்மொழி. எண்களை முதலில் அடுக்கி, செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்லும் மொழி. இரண்டும் மூன்றும், கூட்டு என்பது மாதிரி. தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது, நமக்கு ஆங்கிலக்காரர்களைவிடச் சுலபமாகப் பிடிபடும் என்பது என் கட்சி. எம்கேபி என்ற சொல்லால் 16 பைட்டையும் ஒவ்வொன்றாக எழுதினேன். சன்னின் ஈதர்நெட் முகவரிகள் 8, 0, 20 என்று தொடங்கும், அடுத்த மூன்று பைட் பெரும்பாலும் அந்த வரிசை எண்ணேதான். தேதிக்குப் பூஜ்யம் போட்டேன்.

கடைசி சரிபார்ப்பு பைட், முந்தைய 15 பைட்டையும் எக்ஸார் செய்தால் வருவது. இதில் ஒரு வேடிக்கை. வரிசை எண் ஈதர்நெட் முகவரியில் ஒருமுறை, தனியாக ஒருமுறை என இரண்டு தடவை வருவதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எந்த எண்ணைப் போட்டாலும் சரிபார்ப்பு ஏ9 என்றே வரும்! அதாவது இரண்டு இடத்திலும் ஒரே தப்பைப் போட்டிருந்தால் கணினிக்குத் தெரியவே தெரியாது. இதை உணர்ந்த பிறகு நான்கு முறை சரிபார்த்தேன். ரீசெட். எஃப் எல்லாம் மறைந்து 80912473 என்று வந்தது.

சோலாரிஸ் 8 நிறுவியதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே இருந்த சிடி டிரைவ் படிக்கவில்லை, பழைய பிசியின் டிரைவை மாட்டினேன். டிஸ்க்குக்குப் பதில் 40 ஜிபி ஐடிஇ ஒன்று. சீரியலில் நிறுவும்போது டெர்மினல் வகை கேட்கும், விடி100 கொடுக்க வேண்டும். எஃப்2 வேலை செய்யாது, எஸ்கேப் அழுத்திப் பிறகு 2. டிஸ்க்கைப் பிரிக்கும்போது ஸ்லைஸ் 2 என்பது முழு டிஸ்க்கையும் குறிப்பது, அதைத் தொடக் கூடாது. கணினியின் பெயர் கேட்டபோது நொய்யல் என்று கொடுத்தேன். லைசென்ஸில் அந்தப் பெயரும் இருக்கிறதே.

பிரதியை லினக்ஸில் படிப்பதற்கு மட்டும் என்று மவுண்ட் செய்து, கேட் மென்பொருள் இருந்த கோப்பகத்தை அப்படியே அதே இடத்துக்குக் கொண்டுபோனேன். 2.6-க்குச் செய்த நிரல் 8-ல் ஓடும் என்பது சன் கொடுத்த வாக்கு. அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஓடியது. லைசென்ஸ் சர்வரைக் கிளப்பினேன். மறுப்பு ஒன்றும் வரவில்லை. கீபோர்டு, மானிட்டர் இல்லாததால் எக்ஸ் விண்டோ வழியாகச் சன்னில் நிரலை ஓட்டி, அதன் ஜன்னலை என் லேப்டாப்பில் திறந்தேன். பச்சைக் கோடுகளில் மெதுமெதுவாக வால்யூட் வந்தது.

எல்லாவற்றையும் ஐஜெஸ் வடிவத்துக்கு மாற்றி எடுத்துக்கொண்டேன். 1980-ல் வந்த வடிவம், இன்றைய மென்பொருள்களும் திறக்கும். பெரிய தாளில் பிரிண்ட் போட்டு ஃபவுண்டரிக்குப் போனேன்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்குவதற்காக விட்ட ஒரு சதவீதம் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்தார், இருந்தது. பிறகு வால்யூட்டின் நாக்குப் பகுதியில் விரலை வைத்தார். "இந்த எடத்துல தடிமன் பத்தாம வெடிச்சுதுங்க தம்பி. ரண்டு எம்எம் சேத்துனேன். கம்ப்யூட்டர்ல இல்லீங்க, பேட்டர்ன்லயே மெழுகு வெச்சு ஏத்துனது." பேட்டர்ன் கரையானோடு போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 2 என்று எழுதினார்.

லேப்டாப்பைத் திறந்து அந்தக் கோட்டை நான் கோப்பில் சேர்க்கச் சேர்க்க, அவர் அடுத்த தாளை எடுத்து விரித்தார்.