யூதாஸ் எப்படி இறந்தான்?

ஓஃபிர் சாலையில் 1888ல் கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயத்திற்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருவிவிலியத்துடன் வருகிறார்கள். லிட்டில் இந்தியாவுக்கு அருகே, ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையில் பரிசுத்த வேதாகமம் வாசிக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பு வேறு வேறு. ஆனால், கவனமாகப் படிக்கும் பிள்ளைகள் இரண்டிலும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள். யூதாஸ் எப்படி இறந்தான்?

தூக்குப் போட்டுக்கொண்டான் என்கிறது மத்தேயு 27ஆம் அதிகாரம். தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரம். காட்டிக்கொடுத்த பணத்தில் நிலம் வாங்கியவர்கள் ஆசாரியர்கள் என்கிறது முன்னது. யூதாஸே வாங்கினான் என்கிறது பின்னது.

“வேதத்தை எதிர்த்துக் கேட்காதே” என்று வீட்டில் அதட்டினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ஆனால், பல சமயத்தார் ஒரே வகுப்பில் படிக்கும் சிங்கப்பூரில், பக்கத்தில் இருக்கும் நண்பன் நாளைக்கு அதே கேள்வியைக் கேட்பான். அப்போது என்ன சொல்வது? விசுவாசிகள் பொதுவாக மூன்று வழிகளில் பதில் தேடுகிறார்கள்.

இணைத்துப் பார்ப்பது

தூக்கில் தொங்கிய உடல் கயிறு அறுந்து கீழே விழுந்திருக்கலாம். யூதாஸின் பணத்தில் ஆசாரியர்கள் வாங்கியதால், அவன் வாங்கியதாகவே எழுதப்பட்டிருக்கலாம். இது மிகப் பழைய வழி. கி.பி. 400 வாக்கில் புனித அகுஸ்தீன் நான்கு நற்செய்திகளின் ஒற்றுமையைக் காட்ட ஒரு நூலே எழுதினார். ஆனால் கயிறு அறுந்ததாக எந்த வசனத்திலும் இல்லை. அது வாசகரின் ஊகம்.

எழுத்துப் பிழை

அகசியா அரசனானபோது அவனுக்கு வயது 22 என்கிறது இரண்டாம் இராஜாக்கள் (8:26). இரண்டாம் நாளாகமமோ (22:2) எபிரேய மூலத்தில் 42 என்கிறது. அவனுடைய தகப்பன் இறந்ததே 40 வயதில்தான். அப்படியானால் மகன் தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவன்! கையால் பிரதி எடுத்த காலத்தில் நேர்ந்த தவறு இது என்பதைப் பழைமைவாத விசுவாசிகளும் ஏற்கிறார்கள். பழைய சிரியாக் மொழிபெயர்ப்பில் 22 என்றே இருக்கிறது. பிழையின்மை மூலப் பிரதிக்கே உரியது என்று 1978ல் வெளியான சிகாகோ அறிக்கை கூறியது. ஆனால், அந்த மூலப் பிரதி எதுவும் இன்று நம் கையில் இல்லை.

எழுதியவரின் நோக்கம்

இயேசுவின் வம்ச வரலாற்றை மத்தேயு ஆபிரகாமிலிருந்து தொடங்கிப் பதினான்கு பதினான்கு தலைமுறைகளாக அடுக்குகிறார். லூக்கா ஆதாம் வரை போகிறார். யோசேப்பின் தகப்பன் பெயரே இரண்டிலும் வேறு. ஒருவர் தாவீதின் குமாரனைக் காட்ட விரும்பினார், மற்றவர் மனித குலம் முழுவதற்கும் உரியவரைக் காட்ட விரும்பினார் என்பது இவர்களின் விளக்கம். மீட்புக்குத் தேவையான உண்மையை வேதம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்று 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதும் இந்த வழிக்கு இடம் தருகிறது. அப்படியானால் எது வரலாறு, எது நோக்கம்? கேள்வி தொடரத்தான் செய்கிறது.

இந்த வேறுபாடுகள் இன்று கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே தத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் கோத்து ஒரே கதையாக்கினார். சிரியத் திருச்சபைகள் அதை நெடுங்காலம் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தியோதரேத்து என்ற ஆயர் அதன் 200க்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றிவிட்டு, நான்கு நற்செய்திகளையும் தனித்தனியாக வைத்தார். முரண்பாட்டைத் துடைத்துவிட வாய்ப்பு இருந்தது. திருச்சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்த தாத்தாவைப் பற்றி அவருடைய நான்கு பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நான்கு விதமாகச் சொல்வார்கள். ஒரு சொல்கூட மாறாமல் சொன்னால்தான் சந்தேகம் வரும். அதற்காக 22, 42 இரண்டும் சரியாகிவிடாது. விசுவாசிகள் அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். “எனக்கும் முழுதாகத் தெரியவில்லை, வா, இரண்டு அதிகாரத்தையும் சேர்ந்து படிப்போம்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் பெற்றோரிடம் பிள்ளை அடுத்த கேள்வியையும் கொண்டு வரும்.