செயின்ட் மார்ட்டினின் வயிறு

சாப்பிட்ட சோறு இரைப்பைக்குள் என்ன ஆகிறது? அங்கே அது அரைபடுகிறது என்றார்கள் சிலர். சூட்டில் வேகிறது, புளித்துக் கரைகிறது என்றார்கள் வேறு சிலர். உயிரோடு இருக்கும் மனிதரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வழியில்லாத காலம் அது.

வழி, ஒரு விபத்தில் திறந்தது. அமெரிக்காவின் ஹியூரன் ஏரியில் உள்ள மேக்கினா தீவில், 1822 ஜூன் 6 அன்று, விலங்குத் தோல் வாங்கி விற்கும் கம்பெனியின் கடையில் துப்பாக்கி ஒன்று தவறி வெடித்தது. மிக அருகில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இடது மார்புக்குக் கீழே குண்டு பாய்ந்தது. படகுத் தொழிலாளியான அந்த இளைஞர் பிழைக்கமாட்டார் என்றே ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் நினைத்தார். அவர் பிழைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவில்லை. அதன் விளிம்பு வெளித்தோலோடு ஒட்டி, நிரந்தர வாசலாக நின்றுவிட்டது.

1825 ஆகஸ்டில் போமான்ட் சோதனைகளைத் தொடங்கினார். மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தபோது ரொட்டியும் கோஸும் பாதி கரைந்திருந்தன. இரண்டு மணி நேரத்தில் அவை முழுவதும் மறைந்துவிட்டன; சில இறைச்சித் துண்டுகள் மட்டும் பெரிதாக மாறவில்லை. அன்று செயின்ட் மார்ட்டினுக்கு வயிற்று வலி வந்ததையும் போமான்ட் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த சோதனைதான் எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. இரைப்பை நீரைக் குழாய் மூலம் எடுத்து, சிறு புட்டியில் ஊற்றி, இறைச்சித் துண்டைப் போட்டு, உடல் சூட்டிலேயே வைத்தார். உடலுக்கு வெளியிலும் இறைச்சி கரைந்தது, வயிற்றுக்குள் ஆனதைவிட மெதுவாக. அரைக்கவும் இல்லை, வேக வைக்கவும் இல்லை. கரைத்தது அந்த நீர். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை 1824-லேயே வில்லியம் பிரௌட் அறிவித்திருந்தார். புரதத்தை உடைக்கும் பெப்சினை 1836-ல் தியோடர் ஷ்வான் பிரித்தெடுத்தார். இரைப்பைக்கு அடுத்து சிறுகுடல். அங்கே பித்தநீரும் கணைய நீரும் சேர்ந்து மீதி வேலையை முடிக்கின்றன, சத்து பெரும்பாலும் அங்கேதான் ரத்தத்தில் ஏறுகிறது. செயின்ட் மார்ட்டின் கோபப்பட்டால் பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி வந்ததையும் போமான்ட் கவனித்தார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சோதனைகளின் வலி அவருக்குத்தான்; 1825-லேயே செயின்ட் மார்ட்டின் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார். பிறகு மனைவி, குழந்தைகளோடு திரும்ப அழைத்து வரப்பட்டார். 1832-ல் உணவும் உடையும் தங்குமிடமும், ஆண்டுக்கு 150 டாலரும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். எழுதத் தெரியாத அவர் கையெழுத்துக்குப் பதில் குறியிட்டார். 1833-ல் போமான்டின் புத்தகம் வெளிவந்து அவரைப் புகழ்பெறச் செய்தது. செயின்ட் மார்ட்டின் மறுபடி கனடாவுக்குப் போனார். போமான்ட் எத்தனையோ முறை கூப்பிட்டும் வரவில்லை. வயிறு அவருடையது, வரமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் அவருடையதே.

1880-ல் அவர் இறந்ததும், அந்த இரைப்பையைக் கேட்டவர்களில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லரும் ஒருவர். குடும்பத்தார் மறுத்தார்கள். உடல் அழுகும்வரை வைத்திருந்து, யாரும் தோண்டி எடுக்க முடியாதபடி 8 அடி ஆழத்தில் புதைத்தார்கள்.

செரிமானம் பற்றி வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: போமான்ட் பெயரைச் சொல்லும்போது செயின்ட் மார்ட்டின் பெயரையும் சொல்லுங்கள்.