கண்ணாடித் தொட்டியில் பிளெக்கோ மீன்

திருவனந்தபுரத்தில் வண்ண மீன் விற்கும் கடைக்குள் நுழைந்தால், தொட்டியின் கண்ணாடிச் சுவரில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும் கரிய மீன் ஒன்று பெரும்பாலும் கண்ணிற்படும். ‘சக்கர்’ என்றும் ‘டேங்க் கிளீனர்’ என்றும் அதனை அழைக்கிறார்கள். பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் என்ற புகழுரையுடன், விரல் நீளமுள்ள குஞ்சு ஒன்று சொற்ப விலைக்கு நம் கைக்கு வந்து சேரும். அக்குஞ்சு ஓரடிக்கு மேல் வளரக்கூடியது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிராது. அப்பொழுது வீட்டார் செய்வது என்ன? கொல்ல மனம் வராது, வைத்திருக்கவும் இயலாது. ஒரு வாளியில் இட்டு அருகிலுள்ள தோட்டிலோ குளத்திலோ விட்டுவிட்டு, புண்ணியம் செய்ததாக எண்ணி வீடு திரும்புகிறார்கள்.

இதன் விளைவைத் தலைநகரத்து நீர்நிலைகள் கண்டுவிட்டன. காட்டாக்கடைக்கு அருகேயுள்ள நன்னீர்க் குளங்களில் இவ்வகைக் கவசக் கெளுத்தி காணப்பட்டதை 1998-ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். சாக்கைக் கால்வாயில் இது பெருகியிருப்பது பற்றி 2009-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. அமேசான் நாட்டு மீன் நம் சாக்கடை கலந்த கால்வாயில் எவ்வாறு பிழைக்கிறது என்று வியக்க வேண்டுவதில்லை. நீரில் உயிர்வளி குன்றும்பொழுது, மேற்பரப்பிற்கு வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் வழியாகவே சுவாசிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. உடலெங்கும் எலும்புத் தகடுகள், செதிள் இல்லை. துடுப்பு முள்ளோ வலையைக் கிழிக்கும். கரைகளில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரையும் சரிகிறது. கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்து மீன் பண்ணைகளிலும், ஆந்திரத்து நீர்நிலைகளிலும் இம்மீனால் மீனவர் அடையும் இழப்பு நாடறிந்தது.

ஆகவே, பிளெக்கோ மீனை வளர்த்து இனம் பெருக்க விரும்பும் புதியவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த பிளெக்கோ என்பதே. லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட ‘பிளெக்கோஸ்டோமஸ்’ என்ற சொல்லின் சுருக்கமே பிளெக்கோ. (அப்பெரியார் இதனை ஸ்டர்ஜன் மீனின் இனத்தில் சேர்த்து வைத்தார், கவசத்தைக் கண்டு மயங்கினார் போலும்.) இன்று அப்பெயர் தென் அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான உறிஞ்சுவாய்க் கெளுத்திகளுக்குப் பொதுப்பெயராகிவிட்டது. அவற்றுள் வீட்டுத் தொட்டிக்கு உகந்தது ‘பிரிஸில்நோஸ்’ எனப்படும் அன்சிஸ்ட்ரஸ் இனம். முழு வளர்ச்சியிலும் 12 முதல் 15 செ.மீ. அளவைத் தாண்டுவது அரிது. கடைக்காரரின் மலிவான சக்கரோ மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும் மீன். வீட்டுத் தொட்டியில் குஞ்சு காண எதிர்பார்ப்பது வீண். பிரிஸில்நோஸோ, ஒரு குகை கிடைத்தால் போதும், குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும்.

மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ நூறு லிட்டர் நீர் கொள்ளும். ஓர் ஆணுக்கும் ஒன்றிரண்டு பெண்களுக்கும் இது போதும். நீரின் எடை மட்டும் நூறு கிலோகிராம் ஆகையால், தாங்கும் மேசை உறுதியானதாக இருத்தல் வேண்டும். சன்னல் வெயில் படும் இடம் ஆகாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் வீட்டு நீரே 30 பாகை செல்சியசை எட்டிவிடும். இம்மீனுக்கு 23 முதல் 27 வரை உள்ள வெப்பமே இதமானது. சூடேறிய நீரில் உயிர்வளியும் குறையும். ஆதலால் இந்நகரில் நமக்குச் சூடேற்றும் கருவி வேண்டுவதில்லை. காற்றுக்குமிழ்க் கருவிதான் வேண்டும். மின்சாரம் நின்றால் இயங்க, மின்கலத்தால் ஓடும் ஒன்றையும் உடன் வைத்திருப்பது நலம். வடிகட்டியாகப் பஞ்சு வடிகட்டியே சிறந்தது. குஞ்சுகளை உறிஞ்சி இழுக்காது.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நகரத்துக் குழாய் நீர் கரமனை ஆற்றின் அருவிக்கரையிலிருந்து சுத்திகரித்து வருவது. அதில் குளோரின் கலந்திருக்கும். வாளியில் ஒரு நாள் முழுதும் காற்றோட்டத்துடன் வைத்திருந்தாலோ, ‘ஹைப்போ’ என்னும் சோடியம் தயோசல்பேட்டைச் சிறிதளவு சேர்த்தாலோ குளோரின் நீங்கும். கிணற்று நீர் உடையோருக்குக் குளோரின் கவலை இல்லை. ஆயின் செம்புரைக்கல் நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையும் புளிப்பும் உடையது. சிறிது புளிப்பு இம்மீனுக்கு உவப்பே. அளவு மீறினால், சிப்பி ஓட்டுத் துண்டுகளைச் சிறு துணிப்பையில் கட்டி வடிகட்டியின் அருகே வைத்தால் நீர் நிலைப்படும்.

தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விடுவதுதான் புதியவர் பலரும் மீனை இழக்கும் காரணம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் பஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை வெறுந்தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை உணவை இட்டு வருவோம். விருந்தினர் வருமுன் அடுப்பு மூட்டுவது போன்றதே இது. நண்பர் வீட்டு நலமான பழைய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சைப் பெற்று வைத்தால் காலம் குறையும்.

இனிக் குகை. ஆண் மீன் உள்ளே நுழைந்தால் இருபுறமும் உடல் தொடும் அளவே அகலம் இருக்கட்டும். ஏறத்தாழ 5 செ.மீ. அகலமும் 12 முதல் 15 செ.மீ. ஆழமும், ஒருபுறம் அடைப்பும். சுட்ட மண் குழாயோ, மூங்கிலோ, ஒரு முனை மூடிய பி.வி.சி. குழாயோ போதும். நன்கு வேகவைத்து நிறம் போக்கிய தேங்காய்ச் சிரட்டையும் மறைவிடமாகப் பயன்படும். ஒரு துண்டு மரமும் வேண்டும். அதனைக் கொதிக்க வைத்து, மூழ்கும் வரை ஊறவைக்க வேண்டும். இம்மீன் மரத்தைச் சுரண்டித் தின்பது. நீர் தேநீர் நிறமாக மாறினால் அஞ்ச வேண்டாம். பாசி மட்டுமே இதற்கு உணவு என்பது தவறான எண்ணம். வெள்ளரிக்காய்த் துண்டு, லேசாக வெந்த கீரை ஆகியவற்றை மாலையில் இட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். விளக்கணைந்தபின் உண்ணும் மீன் இது.

ஆணை அறிவது எளிது. முதிர்ந்த ஆணின் நெற்றியிலும் மூக்கிலும் கிளைத்த மீசைபோன்ற தசை இழைகள் வளரும். பெண்ணுக்கு உதட்டோரத்தில் சிறு இழைகள் சில இருந்தால் உண்டு. இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடுவது சண்டைக்கு வழி.

பருவம் வந்தபின், வாரந்தோறும் நீரில் கால்பங்கை மாற்றும்பொழுது, இரண்டு மூன்று பாகை குளிர்ந்த நீரை விடுவோம். தன் ஆற்றில் மழை பெய்ததாக மீன் எண்ணுகிறது. நம் இடவப்பாதியும் துலாவர்ஷமும் இவ்வேலையைத் தாமே செய்து தருவதும் உண்டு. பெண் குகைக்குள் சென்று செம்மஞ்சள் நிற முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவிட்டு வெளியேறும். அதன்பின் அவள் பொறுப்பு முடிந்தது. ஆணே வாயிலை அடைத்துக்கொண்டு, துடுப்பால் இடைவிடாது விசிறி நீரோட்டம் உண்டாக்கி, பழுதான முட்டையை அகற்றிக் காவல் புரியும். ஆவல் மிகுதியால் குகையைத் தூக்கிப் பார்த்தால் முட்டைக் கொத்து வெளியே தள்ளப்படக்கூடும். அவ்வாறு நேர்ந்தால், காற்றுக்குமிழ் மெல்ல எழும் வலைப்பெட்டியில் இட்டுப் பொரிக்கலாம்.

நான்கைந்து நாட்களுக்குப்பின் குஞ்சுகள் பொரிக்கும். வயிற்றில் மஞ்சட்கருப் பை கட்டியிருக்கும் ஒரு வாரத்திற்கு அவற்றிற்கு உணவு தேவையில்லை. பை கரைந்ததும் அவை குகையை விட்டு வெளிவந்து கண்ணாடியில் ஒட்டும்; அன்று முதல் கீரையும் வெள்ளரியும் எந்நேரமும் கிடைத்தல் வேண்டும். பசியால் இறக்கும் குஞ்சுகளே மிகுதி. உணவு மிகுவதால் நீரையும் வாரம் இருமுறை மாற்ற நேரும்.

ஒரு கொத்தில் ஐம்பது அறுபது குஞ்சுகள் இருப்பது இயல்பு. சில வாரங்களில் ஆண் மறுபடியும் குகையைத் துடைக்கத் தொடங்கிவிடும். ஆகவே முதல் முட்டை இடுமுன்பே, குஞ்சுகளைப் பெற்றுக்கொள்ளும் கடைக்காரரிடமும் நண்பரிடமும் பேசி வைத்தல் வேண்டும். இதுவும் அயல்நாட்டு மீனே. உருவில் சிறியது என்பதால் தோட்டில் விட உரிமை பிறந்துவிடாது. மூன்று செ.மீ. வளர்ந்தவற்றை, பாதி நீரும் பாதி காற்றும் அடைத்த பையில் காலை வேளையில் எடுத்துச் சென்று கொடுக்கலாம். பெறுவோர் இல்லாத மாதங்களில் குகையைத் தொட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால், பெரும்பாலும் முட்டையிடல் நின்றுவிடும்.