சாவி கொடுத்தால் ஓடும் காமிரா

சினிமாப் படம் பிடிக்கும் யந்திரம் பழக்கத்துக்கு வந்த காலத்தில், அதை அசையாமல் தாங்க ஒரு முக்காலியும், அதன் கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றப் பழகிய கரமும் இன்றியமையாதனவாக இருந்தன; ஆகவே காமிரா சென்ற இடமெல்லாம் ஒரு பரிவாரமே உடன்செல்ல நேர்ந்தது; பரிவாரத்தைக் கண்ட ஜனங்களோ தம் காரியத்தை மறந்து அதையே வேடிக்கை பார்க்கத் தலைப்பட்டார்கள். இந்தச் சங்கடத்தைத் தீர்த்த கருவிகளுள் ஒன்று, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எமானுவேல் கோல்ட்பர்க் என்ற விஞ்ஞானி 1920களில் வில்விசையால் ஓடுமாறு அமைத்த கினாமோ.

அதன் சூட்சுமம் கடிகாரத்தின் சூட்சுமமே. சாவியைத் திருகச் சுருண்டு இறுகும் எஃகு வில், மெல்ல விரிந்துகொண்டே பற்சக்கரங்களைச் சுழற்ற, அவற்றால் இயங்கும் சிறு கொக்கி ஒன்று பிலிமின் ஓரத் துளைகளில் மாட்டி அதைச் சட்டம் சட்டமாக இழுக்கிறது. இழுபடும் கணத்தில் வெளிச்சத்தை மறைத்தும், பிலிம் நிற்கும் கணத்தில் உள்ளே விட்டும் ஒரு மூடி சுழல்கிறது. கூட்டில் அடங்குவது 25 மீட்டர் பிலிம். வினாடிக்கு 16 சட்டம் வீதம் ஓடினால் ஒன்றரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். இதைக் குறையென்பாரும் உண்டு. உலகத்தைத் துண்டு துண்டாகக் கூர்ந்து பார்க்கவும், பின்னர் அவற்றைக் கோக்கவும் இளைஞர்களுக்குக் கற்பித்தது இந்தக் குறைதான் என்பது என் அபிப்பிராயம்.

அவ்விளைஞர்களுள் ஒருவர் ஹாலந்து தேசத்து யோரிஸ் ஐவன்ஸ். போட்டோச் சாமான் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, டிரெஸ்டன் தொழிற்சாலைகளில் பயின்று திரும்பிய அவர், 1928இல் ராட்டர்டாமின் தூக்குப் பாலத்தைக் கினாமோவால் படமெடுத்தார். அடுத்து, மானஸ் பிராங்கன் என்ற நண்பருடன் சேர்ந்து, ஆம்ஸ்டர்டாம் நகரில் பெய்யும் மழையையே ஒரு படமாக்கத் துணிந்தார்.

துணிவது எளிது, மழை யாருக்குக் கட்டுப்படும்? ஒரு வீதியில் கொட்டும்போது மறு வீதியில் வெயிலடிக்கும். எனவே ஐவன்ஸ் ஓர் உபாயம் செய்தார்: நகரின் பல பகுதிகளில் வசித்த நண்பர்களை மழைக் காவலர்களாக்கி, தமக்கு வேண்டிய விதமான மழை அவரவர் தெருவில் தென்பட்டதும் தொலைபேசியில் அறிவிக்கச் சொன்னார். செய்தி கிடைத்ததும் மழைக்கோட்டும் காமிராவுமாக ஓடுவார். உறங்கும்போதுகூடக் காமிரா தலைமாட்டில் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். கால்வாய் நீரில் முதல் துளிகள் எழுப்பும் வட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக விரியும் குடைகள், டிராம் வண்டியின் நனைந்த ஜன்னல் என்று பல மாதங்களில் சேர்ந்த துண்டுகள், பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே மழையாக, சுமார் 12 நிமிஷங்களில், பெய்து ஓய்கின்றன. 1929இல் வெளிவந்த அந்த மௌனப் படத்துக்கு, 1941இல் ஹான்ஸ் ஐஸ்லர் இசையமைத்தார்.

காமிராவைத் தொடாமலே தெருவைக் கவனித்துச் சொன்ன அந்த நண்பர்களையும் படம் எடுத்தவர்களாகவே கணக்கிட வேண்டும். இன்று கைத்தொலைபேசியோடு தம் ஊரைப் படமெடுக்கப் புறப்படும் இளைஞர்கள், தெருவுக்கு ஒருவராகப் பிரிந்துகொள்ளுமுன் ‘மழை’ என்ற இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.